ஏழு பேர் பார்த்தது

புளியறை வளைவுகளில் இறங்கி வந்த லாரி செங்கோட்டையைத் தாண்டித் தென்காசி மரவாடிக்குள் நுழைந்தபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. ஐம்பத்தெட்டாம் வருஷம், ஆனி மாதம். குற்றால மலையிலிருந்து சாரல் சரிந்து வந்து முகத்தில் ஊசியாய்க் குத்தியது. லாரியில் கிடந்த ஒன்பது வேங்கைத் தடிகளும் வழியெல்லாம் மழையைக் குடித்து, கறுத்து, இரண்டு மடங்கு கனத்தில் இருந்தன. பட்டை உரிந்த இடங்களில் சிவப்புப் பால் கசிந்து லாரிப் பலகையில் ரத்தம்போல் வழிந்திருந்தது.

எட்டுப் பேர் வெறுங்காலோடு சகதியில் இறங்கினார்கள். போன வருஷம் வரைக்கும் இதே வேலைக்குப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நாலு பேரை நிறுத்திவிட்டு, மிச்சமிருந்தவர்களிடம் "கொஞ்சம் கூடப் பிடிச்சுச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டார் முதலாளி சுந்தரபாண்டியன். மூன்று பனங்கட்டைகளை முக்காலியாக நிறுத்தி, உச்சியில் கப்பி மாட்டி, சங்கிலி போட்டுத் தடியைத் தூக்க வேண்டும். தூக்கிய தடியைக் கடப்பாரையால் நெம்பித் திருப்பி, அறுவை மேடைக்கு உருட்ட வேண்டும். ஒரு தடிக்கு எட்டுப் பேருடைய முதுகும் போதாது.

எட்டுப் பேரில் அய்யாக்குட்டிதான் முன்னத்தி. வயது முப்பத்தைந்து. தடியைக் கண்ணால் ஒரு சுற்றுப் பார்த்து, அதில் எத்தனை கன அடி மரம் இருக்கிறது என்று சொல்லிவிடுவான். பிறகு டேப்பு வைத்து அளந்தால் அரை அடி முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். எட்டுப் பேருக்காகவும் முதலாளியிடம் வாய் திறப்பவனும் அவன்தான்.

மரவாடியின் அறுவை மில்லுக்கு எதிரிலேயே முதலாளி வீடு. காபி டம்ளரோடு படியிறங்கி வந்தவரிடம் அய்யாக்குட்டி போய் நின்றான்.

"மொதலாளி, சங்கிலிய மாத்தணும். நடுக்கண்ணி தேஞ்சு நகத்து கனத்துக்கு வந்துட்டு. ரெண்டு தடவ சொல்லிட்டேன்."

"நாலு வருசமா அந்தச் சங்கிலிதான தூக்குது?"

"அதனாலதான் சொல்லுதேன்."

"இன்னும் ஒரு மாசம் தூக்கட்டும். சீசன் முடியட்டும், பாப்போம். ஏழு மணிக்கு லாரி திரும்பணும், தெரியுமா?"

அவர் டம்ளரைக் கவிழ்த்து மிச்சக் காபியை மண்ணில் ஊற்றிவிட்டுத் திரும்பிப் போனார்.

மூன்று தடிகள் இறங்கின. நாலாவது தடிக்குச் சங்கிலி சுற்றினார்கள். அய்யாக்குட்டி தலைத்துண்டை அவிழ்த்துக் கண்ணில் வழிந்த மழைத்தண்ணீரைத் துடைத்தான். அதுவரைக்கும் அவனுக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைவில் இருப்பது, அறுவைக் கொட்டகையின் தகரக் கூரையும், அதன் நடுவே குனிந்திருந்த நயினாரின் முகமும்தான். நயினார் அவனோடு பதினோரு வருஷமாகத் தோளுக்குத் தோள் நின்று தடி தள்ளுகிறவன். அவன் சொன்னான்:

"மண்டையில தட்டிட்டுலே. அசையாத. அப்படியே கெட."

---

முதலாளி வரவழைத்த டாக்டர் தலையைத் தடவிப் பார்த்தார். ரத்தம் இல்லை. காதுக்கு மேலே ஒரு வீக்கம். "ஒண்ணுமில்ல, ரெண்டு நாள் படுத்திரு" என்றார். அய்யாக்குட்டி இரண்டு நாள் படுத்திருந்துவிட்டு மூன்றாம் நாள் விடியற்காலையில் வேலைக்குப் போனான்.

வட்ட ரம்பம் ஓடத் தொடங்கியதும் அந்தச் சத்தம் பல்லுக்குள் புகுந்து, காதுக்கு மேலே இருந்த அந்த இடத்தில் போய்த் தைத்தது. பதினோரு வருஷம் கேட்ட சத்தம்தான். அவன் கொட்டகைக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்தான். திரும்பி வந்து ஒரு தடியைப் பார்த்தான். அதன் நீளம் தெரிந்தது, சுற்றளவு தெரிந்தது, கணக்கு மட்டும் வரவில்லை. மனசுக்குள் யாரோ விளக்கை ஊதி அணைத்துவிட்டதுபோல் இருந்தது. கணக்குப்பிள்ளை டேப்பை எடுத்து வந்து அளந்தார்.

ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஒரு மாதமாயிற்று. வீக்கம் வற்றி, இருந்த இடம் தெரியவில்லை. மண்டையிடி மட்டும் போகவில்லை. வெயிலைப் பார்த்தால் கண் கூசியது. தூக்கம் வரவில்லை, வந்தாலும் நிற்கவில்லை. சோறு வாயில் மரத்தூளாய்ச் சுற்றியது. கிணற்றடிக்கு வாளியை எடுத்துக்கொண்டு போனவன், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்று, நின்ற இடத்தில் அழுதான். எதற்காக அழுகிறோம் என்பதும் தெரியவில்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

அவன் மகள் குழல்வாய்மொழிக்கு ஆறு வயது. ஒரு நாள் அவள் இரண்டு சிரட்டைகளைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அய்யாக்குட்டி சிரட்டைகளைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தான். அதில் ஒன்று அவள் காதை உரசிக்கொண்டு போயிற்று. பிள்ளை அழவில்லை. அப்பாவைப் பார்த்துவிட்டு, ஓசைப்படாமல் எழுந்து வெளியே போய்விட்டாள். அவள் போன விதத்தைப் பார்த்த பிறகு அவன் அன்று முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

மில்லில் முதலில் இரக்கப்பட்டார்கள். "பைய வாலே, நாங்க தூக்குதோம்" என்று நயினார் அவன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்தான். ஆனால் எட்டுப் பேர் செய்ய வேண்டியதை ஏழு பேர் செய்தால் முதுகு எத்தனை நாள் பொறுக்கும்? வெளியே காயம் இருந்தால் பார்க்கலாம், கட்டுப் போடலாம். இவனிடம் பார்க்க ஒன்றும் இல்லையே. "சொகமாத்தான இருக்கான்" என்று ஒருவன் முனகினான். இன்னொருவன் அதை மறுக்கவில்லை.

ஆவணியில் முதலாளி அவனைக் கூப்பிட்டார். குரல் வெல்லமாய் இருந்தது.

"அய்யாக்குட்டி, ஒன் மொகமே சரியில்லப்பா. இது மனசுக் கோளாறு. குத்தாலத்துல போயி ஒரு மண்டலம் அருவியில நில்லு. எத்தனையோ கிறுக்கு தெளிஞ்ச எடம் அது. எண்ணெய்க்கு நான் சொல்லிவிடுதேன். வேல எங்கயும் போயிராது."

'கிறுக்கு' என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாக ஒருவர் அவன் முகத்துக்கு நேரே சொன்னார். கொட்டகையில் இருந்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது.

அவன் மனைவி ஆவுடைத்தாய் அவனைக் கூட்டிக்கொண்டு தினமும் விடியற்காலையில் குற்றாலத்துக்கு நடந்தாள். கல்லில் உட்காரவைத்துத் தலை நிறைய எண்ணெய் தேய்த்தாள். பேரருவியில் சீசன் கூட்டம் நெரிந்தது. ஓரத்தில் இரண்டு பேரைக் கயிற்றில் கட்டி வைத்திருந்தார்கள். அவர்களும் தெளிவதற்காக வந்தவர்கள். அத்தனை உயரத்திலிருந்து தண்ணீர் அவன் தலையில் கல்லாய் இறங்கியது. இரைச்சல் மண்டைக்குள் புகுந்து வெளியேற வழி தெரியாமல் சுழன்றது. எட்டாம் நாள் அவன் அருவியடியிலேயே மடங்கி விழுந்தான். சீசனுக்கு வந்த ஆட்கள் இழுத்துப் போட்டார்கள். "கட்டிவச்சுக் குளிப்பாட்டும்மா, பிடியில்லாம விடலாமா?" என்று ஒருவர் ஆவுடைத்தாய்க்குப் புத்தி சொன்னார்.

அதற்கு மேல் அவள் அவனை அங்கே கூட்டிப் போகவில்லை.

---

புரட்டாசி பிறந்து நாலு நாள் கழித்து அய்யாக்குட்டி மில்லுக்குப் போனான். வெயிலுக்குத் துண்டை முகத்தில் இழுத்து விட்டிருந்தான். வேலை கேட்கத்தான் போனான். தடி தூக்க முடியாவிட்டால் வாசலில் காவல் நிற்கலாம், மரத்துக்கு நம்பர் போடலாம் என்று வழியெல்லாம் நினைத்து, சொல்ல வேண்டியதை வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். இப்போதெல்லாம் அப்படிச் செய்தால்தான் சொல் மறக்காமல் இருந்தது.

முதலாளி முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்:

"புத்தி சரியில்லாதவன ரம்பத்துப் பக்கம் விட முடியுமா? நாளைக்குக் கைகால் போச்சுன்னா எம்மேலதான பழி?"

"மொதலாளி, எனக்குப் புத்தி நல்லாத்தான் இருந்திச்சு. இங்கன தடி விழுந்துதான..."

"எந்தத் தடி?"

அய்யாக்குட்டி விழித்தான்.

"எந்தத் தடிடே? யாரு சொன்னா ஒனக்கு?" முதலாளி மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். "எழுத்துக் கூட்டத் தெரியும்லா? வாசி."

அவன் வாசித்தான். வரிகள் ஆடின. விரலை வைத்து வாசித்தான்.

'அடியில் கையொப்பமிட்ட நாங்கள் எழுதிக்கொடுப்பது. ஆனி மாதம் ஐந்தாம் தேதி காலை மில்லில் எந்தத் தடியும் விழவில்லை. மேற்படி அய்யாக்குட்டி தானாகவே மயங்கி விழுந்தார். அவருக்கு முன்பிருந்தே சித்தம் சரியில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.'

கீழே ஏழு பேர். ஐந்து கைநாட்டு, இரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து நயினாருடையது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொழிலாளர் சங்க ஆபீஸில் சிலேட்டு வைத்து அந்தப் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்தவனே அய்யாக்குட்டிதான். 'யி'யின் சுழியை நயினார் எப்போதும் தேவைக்கு மேல் பெரிதாகப் போடுவான். இதிலும் பெரிதாகத்தான் போட்டிருந்தான்.

அவன் தாளைத் திரும்பக் கொடுத்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் நடந்தான். ஏழு பேரும் அங்கேதான் இருந்தார்கள். எட்டுப் பேரில் ஒரே பெண்ணும், தடி இல்லாத நேரத்தில் மரத்தூள் அள்ளுகிறவளுமான இசக்கி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். கிழவர் முப்பிடாதி ரம்பத்துப் பல்லைத் துடைப்பதுபோல் குனிந்தார். நயினார் மட்டும் நிமிர்ந்து பார்த்தான், உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"நயினாரு" என்றான் அய்யாக்குட்டி. "தடி விழுந்திச்சா விழலையாலே?"

ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. நயினார் காதில் விழாதவனைப்போல் கடப்பாரையை எடுத்தான்.

அடித்தாலும் இந்த வலி இருந்திருக்காது. கண்ணைத் துடைத்ததற்கும் தகரக் கூரைக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அய்யாக்குட்டிக்குத் தெரியாது. 'மண்டையில தட்டிட்டுலே' என்று நயினார் சொன்ன ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று மாதமாக அவன் தன்னைத் தானே தேற்றிவந்தான். நமக்கு அடி பட்டிருக்கிறது, அதனால்தான் இப்படி இருக்கிறோம், ஒரு நாள் ஆறிவிடும் என்று. இப்போது அந்த வாயே இல்லையென்றது. ஏழு பேர் சேர்ந்து அவனுடைய ஒரு காலைப் பொழுதை எடுத்துப் போய்விட்டார்கள். அங்கே வேறொன்றை எழுதி வைத்துவிட்டார்கள்.

---

அன்று சாயங்காலம் ஆவுடைத்தாய் கஞ்சியை முன்னால் வைத்தாள். அவன் தொடவில்லை.

"ஆவுடை, நான் முந்தியே கிறுக்கனாத்தான் இருந்தேனா?"

"என்ன பேச்சு இது?"

"ஏழு பேரு எழுதிக் குடுத்திருக்காங்கட்டி. நயினாரு மொத ஆளு. ஏழு பேரு பொய் சொல்லுவாங்களா? எனக்குத்தான் ஒண்ணும் ஞாபகமில்லையே." கஞ்சிச் சட்டியைத் தள்ளி வைத்தான். பிறகு குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னான்: "நான் இல்லாம இருந்தா ஒங்க ரெண்டு பேருக்கும் நல்லதுன்னு தோணுது. ரொம்ப நாளாத் தோணுது."

ஆவுடைத்தாய் கத்தவில்லை. மகளைத் தூக்கி அவன் மடியில் உட்காரவைத்துவிட்டு, அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறுநாள் காலையில் ஆய்க்குடி போகும் ரோட்டில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு அவனைக் கூட்டிப்போனாள்.

அங்கே ரெபேக்காள் என்று ஒரு நர்ஸ் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். யுத்த காலத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். அவர் தலையைத் தொடுவதற்கு முன்னால் ஜன்னலைச் சாத்தி வெளிச்சத்தைக் குறைத்தார். அந்த ஒரு காரியத்திலேயே அய்யாக்குட்டியின் தோள் தளர்ந்தது. மூன்று மாதத்தில் ஒருவரும் அவனுக்கு அதைச் செய்யவில்லை. ரெபேக்காள் அவசரப்படாமல் கேட்டார். மண்டையிடி எப்போது வருகிறது, தூக்கம் எப்படி, அழுகை வருகிறதா, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா. கடைசிக் கேள்வியை மற்றக் கேள்விகளைக் கேட்ட அதே குரலில்தான் கேட்டார். அவனும் அதே குரலில் "தோணுதும்மா" என்றான்.

"பர்மாச் சண்டையில இருந்து வந்த பையங்கள நான் பாத்திருக்கேன்" என்றார் ரெபேக்காள். "குண்டு பக்கத்துல விழுந்திருக்கும். மேலுல ஒரு கீறல் இருக்காது. ஆனா வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, பேரு மறந்துபோகும், காரணமில்லாம அழுவாங்க. ஆபீசருங்க 'நடிக்கான்'னு சொல்லுவாங்க. நடிப்பு இல்ல. கிறுக்கும் இல்ல. தலைக்குள்ள பட்ட அடி வெளிய தெரியாது. மனசு சோர்ந்துபோறதும் அந்த அடியோட சேர்ந்ததுதான். கால் ஒடிஞ்சவன் நொண்டுத மாதிரி."

"ஆறுமாம்மா?" என்றாள் ஆவுடைத்தாய்.

"நெறயப் பேருக்கு ஆறியிருக்கு. நாளாகும். என்னைக்குன்னு நான் சொல்ல மாட்டேன், சொன்னாப் பொய். ரம்பத்துச் சத்தம் வேண்டாம். அருவிப் பக்கம் போகவே கூடாது. தனியா விடாதீங்க. வாரம் ஒருதரம் இங்கன வாங்க, டாக்டரும் பாக்கட்டும்." அவர் அய்யாக்குட்டியைப் பார்த்தார். "அடி பட்டதை யாராவது பாத்தாங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஏழு பேரு பாத்தாங்க" என்றாள் ஆவுடைத்தாய்.

---

பக்கத்து வீட்டுப் பாட்டியை அவனுக்குத் துணை வைத்துவிட்டு அவள் அன்று மத்தியானமே மில்லுக்குப் போனாள். சாப்பாட்டு நேரம். ரம்பம் நின்றிருந்தது. ஏழு பேரும் தூக்குவாளிகளைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் நடுவில் போய் நின்றாள்.

"நான் சண்ட போட வரல. சாட்சி சொல்லக் கூப்பிடவும் வரல. அவுக சொவத்தப் பாத்துப் படுத்துக் கெடக்காக. தான் பொறந்ததுலயிருந்தே கிறுக்கன்னு நம்ப ஆரம்பிச்சிட்டாக. ஒங்க எழுத்த நம்பித்தான். நான் போயிச் சேந்திருதேன்னு சொல்லுதாக. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். ஒங்கள்ல ஒருத்தர் எங்க வீட்டுக்கு வந்து, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு அவுக காதுல சொல்லிட்டுப் போங்க. வேற யாருக்கும் தெரிய வேண்டாம்."

யாரும் வாயில் இருந்த சோற்றை மெல்லவில்லை.

"நயினார் அண்ணே, எம் மகளுக்குப் பேரு வச்ச அன்னைக்கு அவளத் தூக்கிக்கிட்டுக் கோயிலச் சுத்தி வந்தது நீங்கதான. ஒங்களுக்கு எப்படிக் கை ஓடுச்சு?"

நயினார் எழுந்திருக்கவில்லை. மில்லுக்குப் பின்னால் வரிசையாக நின்ற ஓலைக் குடிசைகளைப் பார்த்துக் கையைக் காட்டினான். ஏழு பேரும் அங்கேதான் இருந்தார்கள். முதலாளியின் மண், முதலாளியின் குடிசை.

"கையெழுத்துப் போடு, இல்லன்னா வெள்ளிக்கிழமைக்குள்ள குடிசையக் காலி பண்ணுன்னு சொன்னாரு. எம் பொண்டாட்டி பிள்ளையுண்டாயி நெற மாசம் தங்கச்சி."

"அவுகள மட்டும்தான் அப்படிப் பயம் காட்ட முடியல. சொந்த மண்ணுல குடிசை கெடக்கு" என்றாள் ஆவுடைத்தாய். "தடி விழுந்துச்சுன்னா நட்டஈடு குடுக்கணும்லா, அதான் கிறுக்காக்கிட்டாரு."

அவள் போய்விட்டாள். அன்று யாரும் சாப்பிட்டு முடிக்கவில்லை என்று இசக்கி பிற்பாடு சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நயினார் வந்தான். வாசலிலேயே வெகுநேரம் நின்றான். பிறகு உள்ளே வந்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவனின் முதுகுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தான்.

"நாலாவது தடி" என்றான். "ஒன் இடுப்புக்கு மேல எழுந்துட்டு. நீ துண்டால மொகத்தத் தொடச்ச. சங்கிலிக் கண்ணி விட்டுச்சு. எனக்குச் சத்தம் கேட்டுச்சு, ஒனக்குக் கேட்டிருக்காது. தடி ஒரு பக்கமாச் சரிஞ்சு ஆடி வந்துச்சு. இசக்கி அதுக்கு நேர எதிர்ல நின்னா. நீ அவளப் பிடிச்சுத் தள்ளுன. தள்ளுன கையோட திரும்பும்போது தடியோட முனை காதுக்கு மேல தட்டுச்சு. முழுசாப் பட்டிருந்தா அன்னைக்கே போயிருப்ப. தட்டிட்டுத்தான் போச்சு. எட்டு நிமிசம் நெனவில்லாமக் கெடந்த. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன், வேற என்ன செய்யன்னு தெரியல."

அய்யாக்குட்டி திரும்பிப் படுத்தான்.

"இசக்கியத் தள்ளுனேனா?"

"தள்ளுன."

"எனக்குத் தெரியாதே."

"அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கைநாட்டு வச்சா. அதுலயிருந்து அவ தூங்கல."

அய்யாக்குட்டி எழுந்து உட்கார்ந்தான். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். நயினார் அவன் தோளைத் தொடக் கையை நீட்டினான். அய்யாக்குட்டி அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

"மூணு மாசம்லே. ஒரு தடவ வந்து இதச் சொல்லியிருந்தா என்ன? ஒரு தடவ."

நயினாரின் கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடியில் இறங்கியது. அவன் அதைத் துடைக்கவில்லை.

"மொதலாளி முன்னால சொல்லுவியா?" என்றான் அய்யாக்குட்டி.

"நான் ஒருத்தன் சொன்னா அன்னைக்கே என்னத் தூக்கி எறிவான்."

"ஒருத்தன் சொல்லச் சொல்லல."

---

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் லாரி வந்தது. ஈட்டி மரத் தடிகள். சங்கிலி அதே பழைய சங்கிலிதான். விட்டுப்போன கண்ணிக்குக் கம்பி சுற்றி வைத்திருந்தார்கள். ஏழு பேரும் வந்தார்கள், யாரும் தடியைத் தொடவில்லை. வாசலில் வேப்பமரத்தடியில் அய்யாக்குட்டி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஆவுடைத்தாய். ரம்பம் ஓடாததால் அவனால் உட்கார முடிந்தது.

முதலாளி இறங்கி வந்தார்.

"என்னடே, லாரிக்காரன் நிக்கான். என்ன வேடிக்க?"

"நாங்க எழுதிக் குடுத்தது பொய் மொதலாளி" என்றான் நயினார். "தடி விழுந்துச்சு. நான் பாத்தேன்."

"நீயா எழுதுன? நான் எழுதுனேன், நீ ஒத்துக்கிட்ட."

"குடிசையக் காட்டி ஒத்துக்க வச்சீரு."

"எனக்கு நேர வந்த தடி அது" என்று இசக்கி முன்னால் வந்தாள். மரத்தூள் கூடையைக் கீழே வைத்திருந்தாள். "அய்யாக்குட்டி அண்ணாச்சி என்னத் தள்ளிவிட்டுட்டு அவுக வாங்கிக்கிட்டாக. நான் பாத்தேன். பாத்துட்டுக் கைநாட்டு வச்ச கை இது. ஒமக்குப் பயந்து வச்சேன்."

"நானும் பாத்தேன்" என்றார் முப்பிடாதி கிழவர். "நாப்பது வருசம் தடி பாத்த கண்ணு. கிறுக்கு அவனுக்கு இல்ல."

மிச்ச நாலு பேரும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருவன் கண்ணி அறுந்த சத்தத்தைச் சொன்னான். ஒருவன் தண்ணீர் எடுக்க ஓடியதைச் சொன்னான். ஒருவன், டாக்டர் வருவதற்கு முன்னால் அறுந்த சங்கிலியைக் கணக்குப்பிள்ளை எடுத்துப்போய் ஒளித்ததைச் சொன்னான். கடைசி ஆளுக்குச் சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லை. "நானும் பாத்தேன்" என்று மட்டும் சொன்னான். அய்யாக்குட்டி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு மண்டை விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் ஒரு சொல்லை அவன் தவறவிடவில்லை.

முதலாளிக்கு முகம் சிவந்தது. அவர் ஏழு பேரையும் விட்டுவிட்டு வேப்பமரத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"இவனுகள விடு. நீ சொல்லுடே. தடி விழுந்தது ஒனக்கு ஞாபகம் இருக்கா? சத்தியமாச் சொல்லு."

அய்யாக்குட்டி மரத்தைப் பிடித்து எழுந்தான்.

"எனக்கு ஞாபகம் இல்ல மொதலாளி. இவுகளுக்கு இருக்கு."

பிறகு நயினார் சொன்னான்: "புதுச் சங்கிலி வாரவரைக்கும், நிப்பாட்டுன நாலு பேரும் திரும்ப வாரவரைக்கும், அய்யாக்குட்டிக்கு அவனால முடிஞ்ச வேலையக் குடுக்கிறவரைக்கும் ஒருத்தனும் தடியத் தொட மாட்டான். திருநெல்வேலி லேபர் ஆபீசருக்குச் சங்கத்துலயிருந்து மனு போயிட்டு. ஏழு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். இது நாங்களே எழுதினது."

"சாயங்காலத்துக்குள்ள குடிசையெல்லாம் காலியாகணும்" என்றார் சுந்தரபாண்டியன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். லாரிக்காரன் வண்டியின் நிழலில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தான். அவனும் தடியை இறக்கச் சொல்லவில்லை.

மத்தியானத்துக்கு மேல் முதலாளியின் ஆட்கள் வந்து குடிசைகளிலிருந்த பானை, பாய், டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் வெளியே வைத்தார்கள். ஏழு குடும்பங்களும் அவற்றைத் தூக்கிக்கொண்டு அய்யாக்குட்டியின் வீட்டுக்கு நடந்தன. ரோட்டில் பக்கத்து மரவாடியின் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து பாதிச் சுமையை வாங்கிக்கொண்டார்கள். யாரும் கூப்பிட்டு வரவில்லை. நயினாரின் மனைவி வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஒரு கட்டைவண்டியில் வந்தாள்.

அந்த வீட்டில் ஒரு அறையும் ஒரு தாழ்வாரமும்தான். முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். வாசலில் நின்று, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, அய்யாக்குட்டி ஒவ்வொருவரையும் "வாங்க" என்று சொன்னான். நயினார் வந்தபோது மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவன் தோளில் இருந்த பெட்டியின் ஒரு முனையைப் பிடித்து, உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

லேபர் ஆபீசர் எப்போது வருவார் என்று தெரியாது. வந்தாலும் என்ன சொல்வார் என்று தெரியாது. நாளைக்கு அடுப்பில் எதை ஏற்றுவது என்பதே ஆவுடைத்தாய்க்குத் தெரியவில்லை. அய்யாக்குட்டிக்குத் தலைக்குள் ரம்பம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவன் உள்ளே போய், ஜன்னல் சாத்தியிருந்த மூலையில், சுவருக்கு முதுகைக் கொடுத்துப் படுத்தான். முகம் ஆட்கள் இருந்த பக்கம் இருந்தது.

வெளியே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்ததும் ஆட்டம் தொடங்கிவிட்டது. இசக்கி வாசலுக்கு ஓடி வந்தாள்.

"ஏட்டி, ஏலே, இங்கன பாருங்க. மாமாவுக்கு மண்டையிடி. பைய."

பிள்ளைகள் நின்றார்கள். குழல்வாய்மொழி ஒரு விரலை உதட்டில் வைத்து மற்றவர்களுக்குக் காட்டினாள். முப்பது பேர் இருந்த அந்த வீட்டில் எல்லாரும் குசுகுசுவென்று பேசினார்கள், பானையைப் பஞ்சுபோல் இறக்கி வைத்தார்கள், நுனிக்காலில் நடந்தார்கள். வெகு நாளைக்குப் பிறகு அய்யாக்குட்டிக்கு அன்று கண் அசந்தது.